ஆளைத் தூக்குவதும் ஒரு படிப்பு

மெக்கானிக்கல் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர்

"காரைக்கால் சம்பந்தமா ஒரு வரலாற்றுக் கட்டுரை கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். காரைக்கால் வரலாறு என்றதும் நாம் வழக்கமாக எழுதுவது 1739-ல் பிரெஞ்சுக்காரர் வந்தது, 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு மாறியது, நடுவில் அம்மையாரும் மாங்கனியும். அவற்றை எழுதத் தகுதியான பேராசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு சங்கதி. படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு மனிதரைத் திருப்பவும், உட்கார வைக்கவும், இடம் மாற்றவும் யார், யாருக்கு, எப்போது சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கதை. சிரிக்காதீர்கள் நண்பர்களே! இதற்கும் வரலாறு உண்டு. அதில் வேலூர் வருகிறது, தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி வருகிறது, பாரிஸ் ஓரத்தில் குடியிருக்கும் நம்மூர்க்காரர்களும் வருகிறார்கள்.

முதலாண்டு வொர்க்‌ஷாப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். லேத் மெஷினில் பெரிய சக்கைக் கழற்றி மாட்ட வேண்டுமென்றால், "கையை வெக்காதே, செயின் பிளாக்கைக் கொண்டா" என்பதுதான் இன்ஸ்ட்ரக்டர் சொல்லும் முதல் வார்த்தை. பிறகு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பாடத்தில் வந்தது. அதன் 34-ஆம் பிரிவு, தொழிலாளிக்குக் காயம் உண்டாக்கும் அளவுக்குக் கனமான எதையும் அவரைத் தூக்கவோ, சுமக்கவோ, நகர்த்தவோ வைக்கக் கூடாது என்றது. இரண்டு மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தோம். 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வயது வந்த ஓர் ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஆக, இரும்புக்குச் சட்டம் இருந்தது, மூட்டைக்கும் ஓர் அளவு இருந்தது. எழுபது கிலோ எடையுள்ள ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் பெண்ணுக்கு? ஆஸ்பத்திரி வார்டு தொழிற்சாலை ஆகாது, வீடு அதைவிட ஆகாது. அந்தப் பிரிவு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

நம்மூரில் இந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பல. அவர்களின் பிள்ளைகள் சார்செல், கார்ஜ், லா கூர்நெவ் என்று பாரிஸைச் சுற்றிக் குடியேறிவிட்டார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கவே இருக்கிறது துபாயும் சிங்கப்பூரும். நம் செட்டிலேயே பாதிப் பேர் ஊரில் இல்லை. இந்த மலரைத் தபாலில் அல்லது போனில்தான் பார்ப்பார்கள். வீட்டில் அப்பாவும் அம்மாவும். ஒருநாள் அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிடுகிறார். பத்து நாள் ஆஸ்பத்திரி, பிறகு வீடு. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வேலைக்கு வருகிறார். "ஆள் வெச்சிருக்கோம்" என்று போனில் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஆளுக்கு யாராவது எதையாவது சொல்லிக்கொடுத்தார்களா என்று நாம் கேட்பதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை, பெரியவரின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே தூக்கு!

அந்த ஒரு தூக்கில் இரண்டு பேருக்கு ஆபத்து. பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசை செயலிழந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், பிறகு வலி மாதக்கணக்கில் போகாது. மெத்தை மேல் தரதரவென்று இழுத்தால் முதுகுத்தோல் உரசிக் கிழிந்து படுக்கைப் புண்ணுக்கு வழி. தூக்குகிற அம்மாவுக்கோ இடுப்பு. அவர் சொல்லமாட்டார். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வருவார், ஒருநாள் வராமல் போவார். "அந்த அம்மா நின்னுட்டாங்க, வேற ஆள் பாக்கணும்" என்று நாம் மறுபடி போன் செய்வோம்.

நாம் என்ஜினீயர்கள், கணக்கைப் போட்டுவிடலாம். முன்னால் குனிந்து ஒரு பாரத்தைத் தூக்கும்போது முதுகெலும்பின் அடிப்பகுதிதான் நெம்புகோலின் தாங்குபுள்ளி. பாரம் அங்கிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை எதிர்த்து இழுக்கும் முதுகுத் தசை, எலும்பிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. பத்துக்கு ஒன்று! கையில் வருவது 30 கிலோ என்றால் தசை இழுக்க வேண்டியது 300 கிலோ. தன் உடம்பின் மேற்பாதி எடை தனி. அத்தனையும் போய் அமுக்குவது ஒரு டிஸ்க்கை. ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்கிலேயே ஊசியைச் செலுத்தி உள்ளழுத்தத்தை அளந்து காட்டினார். குனிந்தால் எப்படி ஏறுகிறது என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது.

பாரம் மனிதராக இருப்பதில் இன்னொரு சிக்கல். 1965-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் நர்சுகளின் சுமை பற்றி ஒரு தலையங்கம் எழுதியது. மனித உடம்பு தூக்குவதற்கு வசதியே இல்லாத சாமான், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது, விறைப்பாக நிற்காது, கீழே போட்டால் மோசமாகச் சேதமாகும் என்பது அதன் சாரம். படித்தபோது எனக்கு நம் ஊர்த் திருவிழா ஞாபகம் வந்தது. சாமி தூக்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாரம் தோளில், உடம்பின் நேர்க்கோட்டில். ஏறக்குறைய ஒரே உயரமுள்ள ஆட்களாக ஜோடி சேர்ப்பார்கள். தோளில் துணிச் சும்மாடு. ஒருவர் குரல் கொடுத்தால்தான் எல்லோரும் எழுந்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய வேலை அது. சாமிக்கு இருந்த அந்த முறை வீட்டுப் பெரியவருக்கு இல்லாமல் போனது ஏன்? வீட்டுக்குள், கதவுக்குப் பின்னால், பெண்கள் தனியாகச் செய்த வேலை. யாரும் பார்க்கவில்லை, அதனால் யாரும் கற்கவுமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேலூர் டாக்டரம்மா

இரண்டாம் உலகப் போர்வரை, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர்களில் பெரும்பாலோர் ரொம்ப நாள் பிழைத்ததில்லை. கொன்றது படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர், ஒரு தனி வார்டைத் தொடங்கினார். அவருடைய முக்கியமான மருந்து என்ன தெரியுமா? இரண்டு மணிக்கு ஒருமுறை, ராத்திரி பகல் பாராமல், ஒவ்வொரு நோயாளியையும் திருப்பிப் படுக்க வைப்பது! ஆட்கள் மாறி மாறி வந்து திருப்பினார்கள். புண் குறைந்தது, ஆட்கள் பிழைத்தார்கள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விளையாட்டுப் போட்டிகூட நடத்தினார்கள். இன்றைய பாராலிம்பிக்ஸின் ஆரம்பம் அதுதான்.

இந்தியாவில் ராத்திரி பகலாகத் திருப்ப வார்டுக்கு ஆட்கள் ஏது? இங்கேதான் மேரி வர்கீஸ் வருகிறார்.

கேரளத்தில் 1925-ல் பிறந்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தவர். 1954 ஜனவரியில், சக டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் வெட்டு, முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நேற்றுவரை நோயாளிகளுக்குக் கட்டளை எழுதிய டாக்டர், இன்று தன்னை யாராவது திருப்பிப் படுக்க வைக்க மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டிய நிலை. அதே ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்துவந்த பால் பிராண்ட், "உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இருக்கிறது" என்று அவருக்கு ஊக்கம் கொடுத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை அறுவைச் சிகிச்சைகள் செய்தார் மேரி வர்கீஸ். பிறகு ஆஸ்திரேலியாவில் மறுவாழ்வுப் பயிற்சி, அமெரிக்காவில் நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தில் மேற்படிப்பு. 1960களின் தொடக்கத்தில் வேலூருக்குத் திரும்பி அந்தத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் படுக்கை வசதியோடு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார்.

இந்த நிலையத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கட்டடமோ கருவியோ அல்ல. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு கூடவே ஒரு சொந்தக்காரர் வந்து, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வது வழக்கம். வெளிநாட்டு டாக்டர்களுக்கு அது தலைவலி. வேலூரில் அதையே வழியாக்கிக்கொண்டார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூட இருக்கும் மனைவியோ, அண்ணனோ, அம்மாவோ, அவர்களும் அங்கே மாணவர்கள். எப்படித் திருப்புவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, தோலில் எங்கே சிவந்திருக்கிறது என்று தினமும் எப்படிப் பார்ப்பது எல்லாவற்றையும் தெரபிஸ்ட் செய்து காட்டுவார்; பிறகு அவர்கள் செய்வார்கள், தெரபிஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். வீட்டுக்குப் போகும்போது கூடவே ஒரு தேர்ந்த பராமரிப்பாளரும் போகிறார் என்று அர்த்தம். தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தன் உடம்பில் தெரிந்த ஒருவர் தலைமையில் அந்த இடம் வளர்ந்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

கற்பிப்பவருக்குக் கற்பிப்பது

வேலூருக்கு வந்தவர்கள் பாக்கியசாலிகள். வராதவர்கள்? கிராமத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பது அன்றும் கனவு, இன்றும் கனவு. 1970களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வழி தேடியது. ஸ்வீடன் டாக்டர் ஐனர் ஹெலாண்டரும், நம் பக்கத்து இலங்கையைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பத்மனி மெண்டிஸும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு கையேடு தயாரித்தார்கள். பல நாடுகளில் சோதித்துத் திருத்தி, 1989-ல் அது முழு வடிவில் வெளியானது. படம் போட்ட சின்னச் சின்னப் பயிற்சிப் பாடங்கள் 30. அதில் இருந்த ஏற்பாட்டைத்தான் நான் வியக்கிறேன். தேர்ந்த தெரபிஸ்ட் ஊர்ப் பணியாளருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஊர்ப் பணியாளர் அந்த வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பார். வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கையேடு கொடுத்த பெயரே 'குடும்பப் பயிற்றுநர்'. பாட்டியோ அக்காவோ, யாராக இருந்தாலும் அவரும் ஒரு டீச்சர்! மாற்றுத்திறனாளிக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான்.

தமிழ்நாட்டில் இதே பாதையை நடந்து காட்டியவர் ஒரு என்ஜினீயரிங் மாணவர் என்பதை இந்த மலரில் சொல்லாமல் விட முடியாது. எஸ். ராமகிருஷ்ணன், நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர். 1975 ஜனவரி 10, பெங்களூரில் கடற்படை அதிகாரிகள் தேர்வின் கடைசி நாள். உடற்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் அவரைக் கவனித்த விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல், சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கர ராமன் 1992-ல் வந்து சேர்ந்துகொண்டார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. காரியத்துக்கு வருகிறேன். அந்தச் சங்கம் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்து, சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்புகிறது. தெரபிஸ்ட்கள் பின்னால் இருந்து வழிகாட்டுகிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை இடுப்பில் எப்படி வைத்துக்கொள்வது, எப்படி உட்கார வைப்பது, எப்படிச் சோறூட்டுவது என்று அந்தப் பெண் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறார். பேண்ட் போட்ட டாக்டர் வந்து சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துபோகிற விஷயம், பக்கத்துத் தெரு அக்கா சொன்னால் கைக்கு வந்துவிடுகிறது. பாஷை ஒன்று, அடுப்பங்கரை ஒன்று, கட்டில் உயரம்கூட ஒன்று.

அக்கரையில் நடந்தது

மேல்நாடுகளில் இந்தப் படிப்பு வந்தது வேறு வாசல் வழியாக. நோயாளிக்காக மட்டுமல்ல, முதுகு போன நர்சுகளுக்காக. 1981-ல் பிரிட்டனில் முதுகுவலிச் சங்கமும் நர்சுகளின் ராயல் கல்லூரியும் சேர்ந்து நோயாளிகளைக் கையாளுவதற்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டன. பதிப்புக்குப் பதிப்பு அது மாறியது. ஒரு காலத்தில் நர்சிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்த தூக்குகளே பிறகு 'கூடாது' பட்டியலில் சேர்ந்தன. அக்குளில் கைகொடுத்து இழுப்பது முதல் குற்றவாளி! 1990 மே மாதம் ஐரோப்பிய சமூகம் கையால் பாரம் கையாளுவது பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. அதையொட்டிப் பிரிட்டன் 1992-ல் விதிகள் செய்து 1993 ஜனவரி 1 முதல் அமல்படுத்தியது. பிரான்சில் 1992 செப்டம்பர் 3-ல் அரசாணை. இரண்டிலும் முதல் கட்டளை ஒன்றுதான்: தவிர்க்க முடிந்தால் கையால் தூக்காதே. நம் இன்ஸ்ட்ரக்டர் சொன்னது! 1999-ல் பிரான்ஸ், கனமான பாரம் தூக்கி வரும் நாள்பட்ட இடுப்பு நோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் 98-ஆம் அட்டவணையாகச் சேர்த்தது. அதில் நோயாளிகளைத் தூக்கும் மருத்துவப் பணியும் உண்டு. நம் வீட்டு அம்மாவுக்கு வருவது தைலம் தேய்க்கும் 'பிடிப்பு'. அதே வேலையைப் பாரிஸில் செய்பவருக்கு வந்தால், நிபந்தனைகள் பொருந்தினால், அது நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோய்.

அங்கே இதற்கென்று ஒரு பயிற்சி ஏற்பாடு இருக்கிறது, சுருக்கமாக 'பிராப்' என்பார்கள். தொழில் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வு நிறுவனம் வகுத்தது. இரண்டு படி. முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ இருந்து ஒருவர் போய்ப் பயிற்றுநராகத் தேறி வரலாம். அவர் தன்னுடன் வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். சான்றிதழுக்கு ஆயுசு கொஞ்சம்தான், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என் சித்தி மகள் ஒருத்தி பாரிஸ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்டேன். "அண்ணா, முதல் நாள் கிளாஸ்ல யாரையும் தூக்கவே சொல்லலை. எங்களையே படுக்க வெச்சு, நீ எப்படி எழுந்திருக்கறேன்னு கவனின்னாங்க. மூணு தடவை எழுந்து படுத்தேன், எனக்கே தெரியலை நான் எப்படி எழுந்திருக்கறேன்னு!" என்றாள்.

விஷயமே அதில்தான் இருக்கிறது. நீங்களும் செய்து பாருங்கள். படுத்திருப்பவர் எழும்போது முதலில் முழங்கால் மடங்கும், பிறகு ஒருக்களிப்பார், காலைக் கீழே விடுவார், முழங்கையை ஊன்றி எழுவார். நாற்காலியிலிருந்து எழும்போது பாதம் பின்னால் போகும், உடம்பு முன்னால் சாயும், மூக்கு கால்விரலைத் தாண்டும், அதற்குப் பிறகுதான் இடுப்பு கிளம்பும். நேர் மேலே யாரும் எழுந்திருப்பதில்லை! அக்குளில் கைகொடுத்து நேராக மேலே தூக்கும்போது நாம் அந்த மனிதரின் சொந்த அசைவுக்கு எதிராக மல்லுக்கு நிற்கிறோம். அவருக்குள் மிச்சமிருக்கும் பலத்தை வரிசைப்படி எழுப்பிவிட்டால், பாரத்தில் ஒரு பங்கை அவரே எடுத்துக்கொள்வார். "தாத்தா, காலைப் பின்னால இழுங்க, முன்னால குனிங்க, என் தோளைப் பாருங்க" என்று சொல்லி, ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதும் இந்த வேலையில் சேர்ந்ததே. இதைப் பிரான்சில் ஒரு முறையாக்கிப் புத்தகம் எழுதியவர் பால் தோத் என்ற பிசியோதெரபிஸ்ட்.

படிப்பு மட்டும் போதுமா?

இங்கே கதையில் ஒரு திருப்பம். பாடம் நடத்தினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். முதுகுவலி குறைந்ததா? ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் 2000-க்குப் பிறகு சொன்ன பதில் கசப்பானது. எப்படித் தூக்குவது என்று வகுப்பு மட்டும் நடத்தினால், முதுகுவலி குறைந்ததற்கு நம்பும்படியான சான்று இல்லை. ஏன் என்பதற்கான விடை 1999-லேயே அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிட்டது. வில்லியம் மாராஸ் குழுவினர், பலவிதமாக நோயாளியைத் தூக்கும்போது முதுகெலும்பில் விழும் விசையைக் கணக்கிட்டார்கள். 'நோயாளி' 50 கிலோதான், சொன்னபடி ஒத்துழைப்பவர். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் விசை ஆபத்தான அளவைத் தொட்டது. அதாவது கையால் தூக்குவதில் 'சரியான முறை' என்று ஒன்று கிடையாது, குறைந்த ஆபத்து, அதிக ஆபத்து அவ்வளவே. 2007-ல் இன்னோர் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ், நோயாளிகளைக் கையால் தூக்குவதற்கு மேல்வரம்பு சுமார் 16 கிலோ என்று வைத்தார். குண்டான ஒரு பெரியவரின் ஒரு கால் எடையே அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்!

அப்படியென்றால் பயிற்சி வீணா? இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில், ஃபுளோரிடாவின் டாம்பாவில் இருந்த நர்ஸ் ஆட்ரி நெல்சன் ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு வார்டிலும் வேலை செய்யும் ஒருவரையே முன்னோடியாகத் தயார் செய்தார். கூடவே தூக்கும் இயந்திரம், சறுக்கு விரிப்பு போன்ற சாதனங்கள், எந்த நோயாளிக்கு எதைப் பயன்படுத்துவது என்ற கணிப்பு முறை. மூன்றும் சேர்ந்தபோது காயங்கள் குறைந்தன. வருஷத்துக்கு ஒருமுறை ஹாலில் வந்து ஸ்லைடு போட்டுவிட்டுப் போகிறவர் ஆசிரியர் இல்லை. ராத்திரி ஷிஃப்டில் பக்கத்துக் கட்டிலில் நிற்கிறவர்தான் ஆசிரியர். "அக்கா, இவரை எப்படித் திருப்பறது?" என்று அந்த நிமிஷத்தில் கேட்க முடிய வேண்டும்.

மறுகோடிக்குப் போனவர்களும் உண்டு. 'கையால் தூக்கவே மாட்டோம்' என்று சில இடங்களில் கொள்கையே வகுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் கிழக்கு சசெக்ஸில் கடுமையான ஊனமுள்ள இரண்டு சகோதரிகள். கவுன்சிலின் கொள்கையால் நீச்சலும் கடைத்தெருவும் நின்றுபோகும் நிலை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2003-ல் நீதிபதி மன்பி சொன்னது, பணியாளரின் முதுகையும் அந்தப் பெண்களின் மானத்தையும் வாழ்க்கையையும் சேர்த்தே எடைபோட வேண்டும், ஒரேயடியாகத் தடை என்று ஒதுங்கிவிடக் கூடாது என்பதாகும். மிகச் சரியான தீர்ப்பு என்பது என் எண்ணம். இயந்திரம் வந்துவிட்டால் மனிதரைத் தொடவே வேண்டாம் என்று நினைக்கிற புத்தி நம் என்ஜினீயர்களுக்கும் உண்டு.

இனி நம் ஊர். இந்தியாவில் 2012-ல் சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில் வந்தது. 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்', 'ஹோம் ஹெல்த் எய்டு' என்று பயிற்சிகளும், அவற்றை நடத்துவோருக்குப் பயிற்சியும் வந்தன. 2021-ல் தமிழ்நாடு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வீட்டுக்கே பிசியோதெரபி போனது. நாம் புதுச்சேரி, அந்தத் திட்டம் நம்மைச் சுற்றி நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் நின்றுகொண்டது. 2016 முதல் ஜிப்மர் கிளை இங்கே டாக்டர்களை உருவாக்குகிறது. ஆனால் நம் வீடுகளுக்கு வரும் அந்த அம்மாமார் எந்த வகுப்பிலும் இல்லை. அவர்களில் பத்து வருஷம் இந்த வேலை பார்த்த, நிதானமான, வாய் பேசத் தெரிந்த நாலைந்து பேரைப் பயிற்றுநர்களாக்கினால் போதும். காரைக்காலின் தெருக்கள் அவர்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர்களின் குணமும் தெரியும். பாடத்தின் முதல் மணியில் ஒருவரை ஒருவர் தூக்கிப் பார்க்கட்டும். அக்குளில் தூக்கினால் எங்கே வலிக்கிறது என்று நோயாளியாகப் படுத்தவருக்குத்தான் புரியும்.

சாதனம் நம் பங்கு. ஹைட்ராலிக் தூக்கி நம் வொர்க்‌ஷாப்பின் என்ஜின் தூக்கும் கிரேனுக்குத் தம்பிதான். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் எளிய ஒன்று. இந்த ஆண்டு ப்ராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளே, கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே பாலமாக வைக்கும் மாற்றுப் பலகை ஒன்று செய்யுங்கள். நல்ல பிளைவுட், 18 மில்லிமீட்டர் கனம், 70 முதல் 75 சென்டிமீட்டர் நீளம், 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலம். இரண்டு முனையும் அடியில் சரிவாக இழைக்கப்பட வேண்டும், ஓரத்தில் சிலாம்பு இருக்கக் கூடாது, மேலே வழவழப்பாக வார்னிஷ். ஈரத்தோல் ஒட்டிக்கொள்ளும், அதனால் துணி உடுத்தியிருக்கும்போது மட்டுமே. உட்காரத் தெம்புள்ளவருக்குத்தான் இது, தலை நிற்காதவருக்கு அல்ல. கூடவே தாழ்ந்த கட்டிலை உயர்த்த, கால் வழுக்காமல் குழி வெட்டிய மரக்கட்டைகள் நான்கு; சக்கர நாற்காலியின் உயரத்துக்குச் சமமாக வந்தால் போதும். நம்மில் குண்டானவர் யாரையாவது உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, வேலை பார்க்கும் அம்மாமார் இரண்டு பேரிடம் ஒரு மாதம் கொடுத்து, என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மரத்துக்கும் வார்னிஷுக்கும் ஆகும் செலவு என்னுடையது. டிராயிங் வேண்டுமென்றால் மலர்க் குழுவிடம் என் போன் நம்பர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் நிதானமாகப் பேசலாம்.